வேற்று மண்ணில் வேடம் கட்டியவர்கள்

1833 மார்ச் மாதம் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் 'ஒதெல்லோ' நடந்துகொண்டிருந்தபோது, அந்தக் காலத்தின் பெரும் நடிகரான எட்மண்ட் கீன் மேடையிலேயே தளர்ந்து விழுந்தார். இரண்டு வாரம் கழித்து அதே அரங்கில் அதே வேடத்தைக் கட்டியவர், நியூயார்க்கில் பிறந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ். ஆங்கிலம் அவருடைய தாய்மொழி. ஒதெல்லோவும் கறுப்பினத்தவனே. ஆனாலும் லண்டன் பத்திரிகைகள் சில அவர்மேல் பாய்ந்தன. இரண்டே காட்சிகளோடு அந்த அரங்கின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. 1852 முதல் அவர் ஐரோப்பாக் கண்டத்தைச் சுற்றத் தொடங்கினார். ஜெர்மன் நகரங்களிலும் ரஷ்யாவிலும் மேடையில் அவர் ஆங்கிலத்தில் பேசுவார். எதிரே நிற்கும் இயாகோ உள்ளூர் மொழியில் பதில் சொல்வான். அவர் சொன்னதில் பாதிகூடப் புரியாத கூட்டம் அவரைக் கொண்டாடியது. முகத்தில் வெள்ளைப் பூச்சோடு லியராகவும் ஷைலாக்காகவும் அவர் வந்தபோதும் ஏற்றுக்கொண்டது. 1867இல் போலந்தின் லோட்ஜ் நகரில் இறந்து அங்கேயே அடக்கமானார்.

மொழி புரிந்த ஊர் தள்ளியது, புரியாத ஊர் தாங்கியது. அயல்நாட்டில் நடித்துப் பிழைக்கப் போகிறவரின் தலையெழுத்தை எது தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு ஆல்ட்ரிட்ஜ் காலம் தொட்டே விடைகள் குவிந்திருக்கின்றன. திறமை என்பார்கள், நாக்கு என்பார்கள், முகம் என்பார்கள், சட்டம் என்பார்கள். ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்தில் உடைகிறது. அந்த உடைவுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஐந்தாவதாக ஒரு விடை தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். வரவேற்கும் நாட்டின் நாடக, திரைப்படத் தொழில் உடலையும் குரலையும் எப்படிச் சேர்த்துக் கட்டுகிறது, அயலார் ஒருவருக்கான இடத்தைக் கதைக்குள் யார் எழுதுகிறார்கள் என்கிற ஏற்பாடே மற்ற நான்கையும் ஆள்கிறது. சான்றுகளைப் பெரும்பாலும் ஹாலிவுட்டிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. அயல்நாட்டு நடிகர்கள் அந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்த இடம் வேறில்லை.

திறமை எல்லை தாண்டுமா?

நடிப்பை ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என்று நான்காகப் பிரிப்பது நாட்டிய சாஸ்திர மரபு. உடலசைவு, சொல், ஒப்பனையும் ஆடையும், உள்ளத்தின் மெய்ப்பாடு. நமது கேள்விக்கான ஆகப் பழைய விடை இந்த நான்கில் கடைசியைப் பிடித்துக்கொள்கிறது: கண்ணீருக்கும் கோபத்துக்கும் நாடு கிடையாது, உண்மையான நடிகன் எங்கும் செல்லுபடியாவான். ஊமைப்படக் காலம் இந்த நம்பிக்கைக்குக் கிடைத்த பொற்காலம். ஜப்பானின் சிபாவில் பிறந்த செசுவே ஹயகாவா 1915இல் சிசில் பி. டிமில்லின் 'தி சீட்' படத்தின் மூலம் அமெரிக்காவின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரானார். மூன்றே ஆண்டுகளில் சொந்தப் படக் கம்பெனியும் தொடங்கினார். போலந்திலிருந்து போலா நெக்ரி வந்தார். ஜெர்மானியப் படவுலகிலிருந்து வந்த எமில் ஜன்னிங்ஸ், 1929இல் முதன்முதலாக ஆஸ்கர் விருதுகள் வழங்கப்பட்டபோது சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார். வசன அட்டையை மாற்றி ஒட்டினால் படம் எந்த நாட்டிலும் ஓடும். நடிகர் எந்த ஊர்க்காரர் என்று கேட்க ஒரு காரணமும் இருக்கவில்லை.

ஆனால் ஜன்னிங்ஸ் விருதை வாங்கிய அதே ஆண்டில்தான் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1927இல் வந்த 'தி ஜாஸ் சிங்கர்' திரையைப் பேச வைத்துவிட்டிருந்தது. உலகின் முதல் ஆஸ்கர் நாயகனிடம் இரண்டு ஆண்டுகளில் திறமை வற்றிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திறமைவாதத்தின் இன்னொரு பலவீனம் இதைவிட அடிப்படையானது. வென்றவரைப் பார்த்து அவரிடம் திறமை இருந்தது என்பதும், காணாமல்போனவரைப் பார்த்து அது போதவில்லை என்பதும் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் எழுதும் வேலை. திறமை இல்லாமல் முடியாது என்பதை மட்டும் அந்த வாதத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். திறமை இருந்தால் போதும் என்பதற்கு அதில் ஆதாரமில்லை.

நாக்கில் இருக்கும் ஊர்

இரண்டாவது விடை வாசிகத்தைப் பிடிக்கிறது. உச்சரிப்பு சரியாக வராதவன் வெளியே நிற்க வேண்டும் என்பது இதன் சாரம். மேடையில் இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. போலந்தின் புகழ்பெற்ற நாடக நடிகை ஹெலனா மொட்ஜெஸ்கா 1876இல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, ஆங்கிலம் படித்து, மறு ஆண்டே சான் ஃபிரான்சிஸ்கோ மேடையேறினார். யால்டாவில் பிறந்த அல்லா நசிமோவா 1905இல் ரஷ்யக் குழுவோடு நியூயார்க் வந்து, அடுத்த ஆண்டே இப்சனின் 'ஹெட்டா கேப்ளர்' நாடகத்தில் ஆங்கிலத்தில் நடித்தார். மேடையின் தூரம் சிறிய பிசிறுகளை மன்னித்தது. ஒலிவாங்கி மன்னிக்கவில்லை. பேசும்படம் வந்த புதிதில் ஸ்டூடியோக்களே திணறின. பாரமவுண்ட் நிறுவனம் பாரிஸுக்கு அருகே ஜாயின்வீலில் ஒரு ஸ்டூடியோவைப் பிடித்து ஒரே கதையைப் பல மொழிகளில் பல நடிகர்களை வைத்து எடுத்துத் தள்ளியது. யுனிவர்சல் 'டிராகுலா'வைப் பகலில் ஆங்கிலத்தில் படம்பிடித்தது. இரவில் அதே அரங்கப் பொருட்களுக்கு நடுவே வேறு நடிகர்கள் ஸ்பானிய மொழியில் நடித்தார்கள். டப்பிங்கும் சப்டைட்டிலும் நிலைபெற்றதும் இந்தச் செலவு நின்றது. ஊமைப்படக் காலத்தில் எல்லா நாட்டுக்கும் பொதுவாக இருந்த நடிகர்கள், ஒவ்வொருவராக ஏதோ ஒரு மொழிக்குச் சொந்தமானார்கள்.

ஆனாலும் நாக்குதான் காரணம் என்று முடித்துவிட முடியாது. ஜன்னிங்ஸ் திரும்பிப் போய் நடித்த படம் 'தி ப்ளூ ஏஞ்சல்' (1930). அதில் அவரோடு நடித்த மார்லீன் டீட்ரிச் அந்தப் படத்தின் கையோடு ஹாலிவுட்டுக்குக் கப்பலேறி, பெரும் நட்சத்திரமானார். இருவருடைய ஆங்கிலத்திலும் ஜெர்மன் வாடை. ஒருவரை அது திருப்பி அனுப்பியது, மற்றவருக்கு அதுவே மோகமாக விலைபோனது. ஸ்வீடன்காரரான கிரெட்டா கார்போவின் முதல் பேசும்படம் 'அன்னா கிறிஸ்டி' (1930). எம்ஜிஎம் தேர்ந்தெடுத்துத் தந்த அந்த வேடமே ஸ்வீடிஷ் வம்சத்துப் பெண்தான். அதன் பின் அவர் ஏற்றவை ரஷ்ய நடன மங்கை, ஸ்வீடன் நாட்டு ராணி, அன்னா கரீனினா, பிரெஞ்சுக் காமில், சோவியத் அதிகாரி நினோட்ச்கா. பத்தாண்டு காலம் ஸ்டூடியோ அவருடைய உச்சரிப்பைத் திருத்த முயலவில்லை. உச்சரிப்புக்கு ஏற்ற கதைகளைத் தேடிக்கொண்டே இருந்தது. ஹங்கேரிக்காரரான பேலா லுகோசிக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. 'டிராகுலா'வை முதலில் பிராட்வே மேடையிலும் 1931இல் திரையிலும் பேசிய அவருடைய குரல் அந்தப் பாத்திரத்தின் குரலாகவே உலகெங்கும் நிலைத்தது. பிறகு வேறு வேடங்கள் அரிதாகவே வந்தன. 1956இல் இறந்தபோது டிராகுலா அங்கியோடே அவரை அடக்கம் செய்தார்கள். அயல் வாடை பெண்ணிடம் இருந்தால் மயக்கம், ஆணிடம் இருந்தால் அச்சம் என்று ஒரு விதியே இருந்ததோ என்று தோன்றும். பிரெஞ்சு நடிகர் சார்லஸ் பாயேவைப் போன்ற விலக்குகள் இருப்பதால் அந்த விதியையும் அளவோடுதான் நம்ப வேண்டும்.

நாக்குவாதத்தை அடியோடு ஆட்டிவிடும் சான்று அன்னா மே வாங். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து வளர்ந்த சீன வம்சத்து நடிகை. பேசியது சுத்தமான கலிஃபோர்னிய ஆங்கிலம். ஹாலிவுட்டில் அடிமைப் பெண்ணும் வில்லியும் தவிர வேறு கிடைக்காமல் 1928இல் ஐரோப்பா போனார். மறு ஆண்டு லண்டனில் ஒரு சீன நாடகத்தில் லாரன்ஸ் ஒலிவியரோடு மேடையேறியபோது விமரிசகர்கள் அவருடைய அமெரிக்க உச்சரிப்பைப் பரிகசித்தார்கள். அந்த முகத்திலிருந்து அந்தக் குரல் வருவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. வாங் பயிற்சியாளரிடம் போய் பிரிட்டிஷ் மேல்தட்டு உச்சரிப்பைக் கற்றுக்கொண்டு வந்தார். இங்கே உச்சரிப்பில் பிழையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முகத்துக்கும் குரலுக்கும் பார்வையாளர் மனத்தில் போட்டுவைத்திருந்த முடிச்சு அவிழ்ந்ததுதான் குற்றம்.

கண்ணாடியில் தெரியும் முகம்

எனவே மூன்றாவது விடை முகத்துக்கு வருகிறது. இன்றைய விமரிசனத்தில் ஓங்கி ஒலிப்பது இதுதான். இதற்கான சான்றுகள் வலுவானவையும்கூட. 'தி சீட்' படத்தில் ஹயகாவா ஒரு ஜப்பானிய வணிகன். கடன்பட்ட வெள்ளைக்காரப் பெண்ணின் தோளில் சூட்டுக்கோலால் முத்திரை வைப்பவன். ஜப்பானிய அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள். முதல் உலகப்போரில் ஜப்பான் நட்பு நாடாகியிருந்த 1918இல் படம் மறுபடி வெளியானபோது, அதே காட்சிகளில் வசன அட்டையை மட்டும் மாற்றி அவனைப் பர்மாவின் தந்த வணிகனாக்கிவிட்டார்கள். முகம் ஒன்று, நாடு இரண்டு. 'தி சீட்' முதலில் வெளியாகி 42 ஆண்டு கழித்து, இலங்கையின் கித்துல்கல ஆற்றங்கரையில் படமான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. வேடம், போர்க் கைதிகளை வதைக்கும் ஜப்பானிய ராணுவ அதிகாரி.

1937இல் வந்த 'தி குட் எர்த்' படத்தை இந்த வாதத்தின் மையச் சான்றாக எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். சீன உழவர் குடும்பத்தின் கதை. நாயகன் பால் முனி, பிறந்தது ஆஸ்திரிய-ஹங்கேரியில். நாயகி லூயிசே ரைனர், ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் நடித்துப் பெயரெடுத்து, அமெரிக்காவுக்கு வந்து சில ஆண்டுகளே ஆனவர். வெள்ளையர் கறுப்பர் காதலைக் காட்டக் கூடாதென்ற தணிக்கை விதி நடைமுறையில் ஆசியர்களுக்கும் நீண்டது. முனி நாயகன் என்று முடிவானபின் வாங் அவருக்கு மனைவியாக நடிக்க வழியில்லை. ரைனருக்கு ஆஸ்கர் கிடைத்தது. சட்டப்படி பார்த்தால் இந்த விவகாரத்தில் வந்தேறி ரைனர், உள்ளூர்க்காரி வாங். தொழிலோ அதைத் தலைகீழாக எழுதிக்கொண்டது.

முகம் எவ்வளவு பாரம் என்பதை அதை மறைத்தவர்களிடமும் காணலாம். 1911இல் பம்பாயில் பிறந்த மெர்ல் ஓபரான், தாய்வழியில் இலங்கை வேர் கொண்டவர். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர் என்று சொல்லிக்கொண்டே 'தி டார்க் ஏஞ்சல்' (1935) படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். 1979இல் அவர் இறந்த பிறகே பிறப்பின் உண்மை வெளியுலகுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இது அமெரிக்காவின் நோய் மட்டுமில்லை. மிஷனரி குடும்பத்தில் முசோரியில் பிறந்த டாம் ஆல்டர் பூனா திரைப்படக் கல்லூரியில் படித்தவர். அவருடைய உருது பல பம்பாய் நாயகர்களுடையதைவிடச் சுத்தம். அவருக்கு வந்தவற்றில் மிகுதி வெள்ளைக்கார அதிகாரி வேடங்களே. வாங்குக்கு ஹாலிவுட் செய்ததை ஆல்டருக்குப் பம்பாய் செய்தது.

இவ்வளவு வலுவிருந்தும் முகவாதம் காலத்தின் முன் தடுமாறுகிறது. முகம் மாறாதது, வாய்ப்புகளோ பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன. மேலும் முகம் எந்த நாட்டைக் குறிக்கிறது என்பதையே தொழில்தான் தன் வசதிக்கு எழுதிக்கொள்கிறது. ஹங்கேரியில் பிறந்த பீட்டர் லோர் 1937 முதல் 1939 வரை எட்டுப் படங்களில் மிஸ்டர் மோட்டோ என்ற ஜப்பானியத் துப்பறிவாளர். ஸ்வீடன்காரரான வார்னர் ஓலாண்ட், சீனத் துப்பறிவாளர் சார்லி சான். எகிப்தியரான ஓமர் ஷரீஃப் அரபியாக வந்தார், ரஷ்ய டாக்டராக வந்தார், நியூயார்க் சூதாடியாகவும் வந்தார். அயலான் என்பது எல்லார்க்கும் பொருந்தும் ஒரே அளவுச் சட்டை போலத்தான் தைத்து மாட்டப்பட்டிருந்தது.

முத்திரை குத்திய காகிதம்

சட்டம் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. எழுதுவோர் கலையைப் பார்க்கிறார்கள், படிவத்தைப் பார்ப்பதில்லை. 1990இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டத்திலிருந்து வந்தது ஓ-1 விசா. திரையிலும் தொலைக்காட்சியிலும் வேலை செய்ய வருபவர் அசாதாரணச் சாதனை படைத்தவர் என்று காட்ட வேண்டும். அவருக்காக அங்குள்ள நிறுவனமோ முகவரோ மனுப் போட வேண்டும். தொழிற்சங்கத்தின் கருத்துரையும் இணைய வேண்டும். முதலில் கிடைப்பது அதிகபட்சம் மூன்று ஆண்டு. பெயர் வாங்க வேலை வேண்டும், வேலை செய்ய விசா வேண்டும், விசா வாங்கப் பெயர் வேண்டும். ஆகவே இருபது வயதில் பெட்டியோடு போய் இறங்குகிறவரைவிட, சொந்த ஊரில் பெயரெடுத்துவிட்டு நடுவயதில் போகிறவருக்கே இந்த வழி வசதி. வியன்னாக்காரரான கிறிஸ்டோஃப் வால்ட்ஸ் பல ஆண்டு ஜெர்மன் தொலைக்காட்சியில் உழைத்த பின் 2010இல் ஆஸ்கர் வாங்கும்போது வயது 53. கொரியாவின் யூன் யூ-ஜங் 2021இல் வாங்கும்போது 73.

சங்கத்தின் தரப்பையும் சொல்ல வேண்டும். உள்ளூர் நடிகர்களில் பெரும்பாலோர் வேலையில்லாமல் இருக்கும் ஒரு தொழிலில் வெளியாளைக் கேள்வி கேட்பது வெறும் பொறாமை ஆகாது. 1990இல் 'மிஸ் சைகோன்' இசை நாடகத்தில் யூரேசிய வேடத்துக்கு பிரிட்டிஷ் நடிகர் ஜொனதன் பிரைஸ் வருவதை அமெரிக்க நாடக நடிகர் சங்கம் மறுத்தது. தயாரிப்பாளர் நாடகத்தையே ரத்து செய்வதாக அறிவித்ததும் சங்கம் பின்வாங்கியது. பிரைஸ் நடித்தார், டோனி விருதும் வாங்கினார். சங்கம் எழுப்பிய கேள்வி அயல்நாட்டான் என்பதைப் பற்றியதைவிட, ஆசிய வேடம் ஆசியருக்குப் போகாதது பற்றியது. காகிதச் சண்டையாகத் தெரிந்தது முகச் சண்டையாக இருந்தது. காகிதம் வாசலை விளக்கும். உள்ளே போனவர்க்கு என்ன கிடைக்கும் என்பதை விளக்காது.

ஆள் அதே, ஏற்பாடு வேறு

இவ்வாதங்களை எடைபோட ஒரு வழி, ஒரே ஆள் வெவ்வேறு ஏற்பாடுகளில் என்ன ஆனார் என்று பார்ப்பது. திறமையும் முகமும் நாக்கும் அப்படியே இருக்க விளைவு மட்டும் மாறினால், மாறியதற்குக் காரணம் ஆளுக்கு வெளியே இருக்க வேண்டும்.

'காஸபிளாங்கா' (1942) படத்தில், போலீஸ் அதிகாரி காப்டன் ரெனோ மதுக்கடையில் சூதாட்டம் நடப்பதைக் கண்டு அதிர்ந்ததாகச் சொல்லிக் கடையைச் சாத்துகிறார். அந்நேரம் பார்த்து மேசைக்காரர் ஒருவர் வந்து, சூதில் ஜெயித்த பணத்தை அவர் கையில் பணிவோடு கொடுத்துவிட்டுப் போகிறார். சில நொடிகள்தான். அந்த மேசைக்காரர் மார்செல் டாலியோ. மூன்றே ஆண்டு முன்பு ழான் ரெனுவாரின் 'தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்' படத்தில் கோமகனாக நடித்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர். பெயர்ப்பட்டியலில்கூட அவர் இல்லை. அந்தப் படத்தில் பெயர் காட்டப்பட்டவர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர். யூத மனைவியோடு ஜெர்மனியைவிட்டு வெளியேறிய கான்ராட் வைட் அதில் நாஜி மேஜர். போர் வந்ததால் ஐரோப்பிய உச்சரிப்புக்குத் திடீர்த் தேவை வந்தது. வந்த தேவை அகதிகளுக்கு வேலை கொடுத்தது. எந்த வேலை என்பதையும் அதுவே முடிவு செய்தது.

ஹாலிவுட்டுக்கு வெளியே வென்றவர்கள் அடுத்த சான்று. ஐம்பதுகளில் ஹாலிவுட் ஒப்பந்தத்தில் நடித்த சோஃபியா லாரனுக்கு ஆஸ்கர் கிடைத்தது, இத்தாலியில் இத்தாலிய மொழியில் நடித்த 'டூ விமன்' (1960) படத்துக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த புரூஸ் லீக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிடைத்தது நாயகனின் ஓட்டுநர் கேட்டோ வேடம். ஹாங்காங் போய் 'தி பிக் பாஸ்' (1971) படத்தில் நடித்த பிறகே ஹாலிவுட் அவரை நாயகனாக்கியது. மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ, 'கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' (2000) படத்தின் மாண்டரின் வசனங்களை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். மாண்டரின் பேசுவோர் காதில் அது உறுத்தியது. சப்டைட்டில் படித்த மேற்கத்தியர்க்கு ஒரு குறையும் தெரியவில்லை. உச்சரிப்பு என்பது பேசுகிறவரின் நாக்கில் பாதியும் கேட்கிறவரின் காதில் பாதியுமாக இருக்கும் சமாசாரம். ரஷ்யாவில் ஆல்ட்ரிட்ஜுக்கு நேர்ந்ததும் இதுதான்.

தமிழ் சினிமா இங்கே ஓர் எதிர்ச் சோதனையாக உதவுகிறது. பிரிட்டிஷ் நாட்டவரான எமி ஜாக்சன் 'மதராசபட்டினம்' (2010) படத்தில் ஆங்கிலேய ஆளுநரின் மகளாக அறிமுகமானார். ஹாலிவுட் வழக்கப்படி அவர் அந்த வேடத்தையே சுற்றிச்சுற்றி வந்திருக்க வேண்டும். ஐந்தே ஆண்டில் 'ஐ' படத்தில் சென்னை மாடல் அழகியாக வந்தார். அவள் எந்த நாட்டுக்காரி என்று படமும் கேட்கவில்லை, பார்த்தவர்களும் பெரிதாகக் கேட்கவில்லை. காரணம் தொழில்நுட்பம். படப்பிடிப்பில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து ப்ராம்ப்ட் கொடுக்க, நடிகை வாயசைப்பார். பிறகு டப்பிங் கூடத்தின் இருட்டில் வேறொரு பெண் அதே இரண்டு வரித் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, உதடு மூடும் இடத்தில் 'ம'வோ 'ப'வோ விழும்படி சொல்லைப் பொருத்துவார். இப்படி வாசிகத்தை ஆங்கிகத்திலிருந்து கழற்றிவிட்ட தொழிலில் நாக்கு தடையே இல்லை. வடக்கிலிருந்து வந்த கதாநாயகிகளின் நீண்ட வரிசைக்கும் இதுவே அடிப்படை. 'விருமாண்டி' (2004) போல நேரடி ஒலிப்பதிவுக்குப் போகும்போது அந்த வாசல் குறுகிவிடும். இந்த ஏற்பாட்டைத் தாராளம் என்று புகழ்வதற்கில்லை. வெளிர்நிறத்துக்கு அது திறந்துவைத்த கதவு கருநிறத்துக்குத் திறக்கவில்லை. குரல் கொடுத்தவரின் பெயர் திரையில் அரிதாகவே பெரிதாக வந்தது.

வாசிகம் அடைபட்டபோது ஆங்கிகம் வழி விட்டிருக்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா, தடுமாறும் இந்தியோடு 'ஹன்டர்வாலி' (1935) முதல் சாட்டையும் குதிரையுமாக பம்பாயை ஆண்டார். லீக்கும் யோவுக்கும் சண்டைதான் முதல் முகவரி. 'தி கிரே மேன்' (2022) படத்தில் தனுஷுக்குக் கிடைத்ததும் வசனம் குறைந்த, அடிதடி நிறைந்த கூலிக் கொலையாளி வேடம். உதைக்கு உச்சரிப்பு கிடையாது. ஆனால் உதைத்து உள்ளே வந்தவரை உட்கார்ந்து பேச வைக்கும் கதையைத் தொழில் உடனே எழுதித் தருவதில்லை. யோவுக்கு அது 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' (2022) வரை காத்திருந்தது. அதையும் எழுதி இயக்கிய இருவரில் ஒருவர் ஆசிய வம்சத்தவர்.

எதிர்வாதங்கள்

இந்த ஏற்பாட்டு வாதத்தை மறுப்போர் முதலில் எடுப்பது ஹியூ லாரியின் பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த அவர், நமீபியாவில் ஒரு படப்பிடிப்பின் நடுவே பதிவு செய்து அனுப்பிய ஆடிஷன் நாடாவைப் பார்த்த 'ஹவுஸ்' தொடரின் தயாரிப்பாளர், அசல் அமெரிக்க நடிகர் கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்துபோனார் என்பது பிரசித்தம். உழைத்தால் எல்லாத் தடையும் விலகும் என்பதற்கு இது சாட்சி என்பார்கள். விலகியது உண்மை. ஆனால் அயலான் என்பதே தெரியாமல் கரைந்துபோவது ஒரு வெற்றி, அயலானாகவே முழு மனிதனாக நிற்பது வேறொரு வெற்றி. முதலாவது, முகம் ஏற்கனவே பொருந்துகிறவருக்கே திறக்கிறது. பிரிட்டனின் கறுப்பின நடிகர்கள் அமெரிக்கக் கறுப்பர் வேடங்களில் நிறைவதும் இந்தக் கணக்கில்தான் வரும். 'கெட் அவுட்' (2017) படத்தில் டேனியல் கலூயா நடித்ததை ஒட்டி சாமுவேல் எல். ஜாக்சன் ஒரு கேள்வி எழுப்பினார்: அந்த வாழ்க்கையை வாழ்ந்த அமெரிக்கர் ஒருவர் நடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? உச்சரிப்பும் முகமும் பொருந்திய பிறகும் அயலான் பற்றிய கேள்வி தீரவில்லை. பட்டறிவு என்ற வேறொரு பெயரில் திரும்பி வருகிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஏற்பாடே எல்லாம் என்றால், ஒரே ஏற்பாட்டுக்குள் ஒருவர் எழவும் பத்துப் பேர் விழவும் காரணம் என்ன? கார்போவின் காலத்தில் வந்திறங்கிய எல்லா ஐரோப்பிய நடிகைகளுக்கும் எம்ஜிஎம் கதை தேடவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏற்பாடு எத்தனை இருக்கை, எந்த மூலையில் என்பதைச் சொல்கிறது. அதில் யார் உட்காருவார் என்பதைத் திறமையும் தற்செயலும் பிரித்துக்கொள்கின்றன. அதைவிடச் சங்கடமான குறை, இந்த விவாதத்தின் ஆதாரங்கள் எல்லாமே பெயர் தெரிந்தவர்களுடையவை என்பது. டாலியோவை நமக்குத் தெரிவதே அவர் பிரான்சில் முன்பே பெரியவர் என்பதால். ஆடிஷன் வரிசையில் நின்று, விசா காலம் முடிந்து, ஊர் திரும்பியவர்களைப் பற்றி எந்த விமரிசகரும் எழுதிவைக்கவில்லை. அவர்களை எண்ணாமல் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை என்று கறாராகச் சொல்வது கடினம்.

இன்னும் தீராதவை

ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் வந்ததும் கேள்வியே காலாவதியாகிவிட்டது என்று இப்போது ஒரு பேச்சு. நடிகர் நாடு மாற வேண்டியதில்லை, படம் மாறினால் போதும் என்கிறார்கள். 'ஸ்க்விட் கேம்' நாயகன் லீ ஜங்-ஜே, கொரிய மொழியில் நடித்ததற்கே 2022இல் எம்மி விருது பெற்றார். இது ஊமைப்படக் காலத்தின் பொதுமையை வேறு வழியில் திருப்பிக் கொண்டுவருவதாகத் தெரிகிறது. ஆனால் அதே நடிகர் அமெரிக்கக் கதைக்குள் போகும்போது என்ன வேடம் கிடைக்கும் என்ற பழைய கேள்வியை இது தொடவில்லை. எந்த நாட்டுக் கதைக்குப் பணம் போடலாம் என்ற முடிவும் இன்னும் சில நகரங்களில்தான் எடுக்கப்படுகிறது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது குரலில் நடக்கிறது. 'தி ப்ரூட்டலிஸ்ட்' (2024) படத்தில் அமெரிக்கரான ஏட்ரியன் பிரோடி ஹங்கேரிய அகதியாக நடித்தார். அவருடைய தாய் உண்மையிலேயே ஹங்கேரியிலிருந்து வந்த அகதி. ஆகவே அவரை முற்றிலும் வெளியாள் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் படத்தின் ஹங்கேரிய மொழி வசனங்களில் சில எழுத்துகள் சரியாக விழவில்லை. படத்தொகுப்பாளர் ஹங்கேரிக்காரர். அவர் தன் குரலையே செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்குக் கொடுத்து, அந்த ஒலிகளை நடிகரின் வாயில் பொருத்தினார். செய்தி வெளியானபோது சர்ச்சை எழுந்தது, விருது நின்றுவிடவில்லை. நம் டப்பிங் கூடத்தில் கழற்றப்பட்ட வாசிகம் இங்கே எழுத்து எழுத்தாகக் கழற்றப்படுகிறது. இந்தக் கருவி நாளை ஈப்போவிலிருந்தோ சென்னையிலிருந்தோ போகிறவருக்கு அமெரிக்கக் குரலைத் தந்து எல்லா வேடங்களையும் திறந்துவிடலாம். உள்ளூர் நடிகருக்கு உலகத்தின் எல்லா உச்சரிப்புகளையும் தந்து அயலாரை அழைக்கவே வேண்டாமென்றும் ஆக்கலாம். 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் பெற்ற ஒப்பந்தம், நடிகரின் உருவத்தையும் குரலையும் அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது என்கிறது. 1931இல் லுகோசியின் ஹங்கேரிய நாக்கு வேண்டுமென்றால் லுகோசியையே கூப்பிட வேண்டியிருந்தது. 2024இல் ஹங்கேரிய நாக்கு தேவைப்பட்டபோது படத்தொகுப்பு அறையில் இருந்தவரே அதைக் கொடுத்துவிட்டார்.